டயலில் எழுதியிருக்கும் 200 மீட்டர்

அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சேர்த்து வைத்த பணத்தில் ஓர் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச், அதாவது செல் இல்லாமல் ஓடும், தண்ணீருக்கடியில் மூழ்குபவர்களுக்கான வாட்ச் வாங்க ஆசைப்பட்டு, போனில் மூன்று படங்களை அனுப்பினான். "மாமா, மூணும் பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கு. ஒண்ணு 100 மீட்டர், மத்த ரெண்டும் 200 மீட்டர்னு போட்டிருக்கு. நான் எங்க அவ்வளவு ஆழம் போகப் போறேன்? பார்க்க எது பிடிச்சிருக்கோ அதையே எடுத்துடட்டுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஊரில் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 50 மீட்டர் என்றால் 50 மீட்டர் வரை போகலாம் என்பார் ஒருவர். 200 என்று போட்டிருந்தாலும் குளத்தில் நீந்த மட்டும்தான் ஆகும் என்பார் அடுத்தவர். ஆட்டோமேட்டிக் என்றால் நேரம் மாறவே மாறாது என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. ஏன் தவறு என்று புரிந்தால், எதை எதோடு ஒப்பிடுவது என்பதும் தானாகவே புரியும். ஏறக்குறைய 15,000 ரூபாயிலிருந்து 40,000 வரையிலான ஜப்பானிய வாட்ச்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முதன்முதலாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் வந்து நிற்பது அங்கேதான்.

குக்கரும் வாட்ச்சும்

டைவ் வாட்ச் என்பது முதலில் நன்றாக மூடிய ஒரு டப்பா. நேரம் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

அந்த டப்பாவில் தண்ணீர் புகக்கூடிய இடங்கள் மூன்று. மேலே கண்ணாடி, பின்னால் மூடி, பக்கத்தில் நேரம் திருப்புகிற சிறு குமிழ். அந்தக் குமிழைக் கடைகளில் கிரவுன் என்பார்கள், நம் வீடுகளில் சாவி என்போம். மூன்று இடங்களிலும் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று நசுங்கி உட்கார்ந்து இடைவெளியை அடைத்திருக்கும். அதுதான் கேஸ்கட். குக்கர் மூடியில் இருக்கிறதே, அதே கேஸ்கட்தான். உருவத்தில் மட்டும் சிறியது.

குக்கரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இங்கேயும் பொருந்தும். புது கேஸ்கட் வளைந்து கொடுக்கும், இறுக்கமாக மூடும். இரண்டு மூன்று வருடம் சூட்டில் வெந்தபின் விறைத்துவிடும், ஓரத்தில் ஆவி கசியும். குக்கரின் மேல் எத்தனை லிட்டர் என்று பொறித்திருக்கிறதோ அது மாறுவதில்லை, கேஸ்கட்தான் மாறிவிடுகிறது. வாட்ச்சும் அப்படித்தான். வியர்வை, சோப்பு, வெயில், கடலுப்பு எல்லாம் சேர்ந்து ரப்பரை மெல்ல மெல்லக் கெடுக்கும். டயலில் எழுதிய எண் மட்டும் புதிதாகவே இருக்கும்.

மூன்று வாசல்களில் பலவீனமானது கிரவுன். கண்ணாடியும் பின்மூடியும் அசையாமல் இருப்பவை. கிரவுனையோ நாம் இழுக்கிறோம், திருப்புகிறோம், அழுத்துகிறோம். இதற்குத்தான் திருகு கிரவுன் வந்தது. ஊறுகாய் பாட்டில் மூடியைப் போல மரையில் திருகி இறுக்கிவிட்டால், கை தவறிப் பட்டாலும் அது வெளியே வராது. 1926இல் ரோலக்ஸ் தன் ஆய்ஸ்டர் வாட்ச்சில் இதைக் கொண்டுவந்தது. இன்று நாம் பேசும் விலையிலேயே கிடைக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலையில் தேதியை மாற்றிவிட்டுக் கிரவுனைத் திருகி மூடாமலே கிணற்றில் இறங்கினேன். கழுத்தளவு தண்ணீர்தான். மாலைக்குள் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்துவிட்டது. அது 200 மீட்டர் வாட்ச்.

மீட்டர் என்றால் என்ன மீட்டர்?

கிணற்றின் அடிவரை முங்கி மண் எடுத்து வந்து காட்டியவர்களுக்குத் தெரியும், பத்தடி போனதுமே காது அடைத்து வலிக்கும். மேலே நிற்கும் தண்ணீரின் எடைதான் காரணம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடுகிறது. பார் என்பது அழுத்தத்தின் அலகு. நம்மைச் சுற்றியுள்ள காற்று எந்நேரமும் நம்மீது செலுத்தும் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார். விசில் வரும் நேரத்தில் குக்கருக்குள் கூடுதலாக இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அப்படியானால் 200 மீட்டர் என்பது 20 பார். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 20 கிலோ வைத்ததுபோல. வாட்ச் கண்ணாடியின் குறுக்களவு 31 மில்லிமீட்டர் என்று வைத்தால், அந்தச் சின்ன வட்டத்தின்மேல் மட்டும் 150 கிலோ அழுத்துகிறது. இரண்டு ஆள் ஏறி நிற்பதற்குச் சமம்.

இப்போது பரவலான ஒரு தவறான விளக்கத்துக்கு வருவோம். "அந்த எண் அசையாத தண்ணீருக்கு. நீந்தும்போது கையை வீசினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், அதனால்தான் 50 மீட்டர் வாட்ச்சைக் குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. கையை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தண்ணீருக்குள் வீசினாலும் கூடும் அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குத்தான் சமம். அத்தனை வேகமாகக் கை வீசி நீந்துகிறவர்களும் அதிகம் இல்லை. உயரத்திலிருந்து குதிக்கும்போது தண்ணீர்ப் பரப்பில் படும் அடி கண நேரத்துக்கு இதைவிடக் கூடுதல்தான். கைவீச்சு அப்படியல்ல.

பின் ஏன் எச்சரிக்கிறார்கள்? எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சோதனை வேறுபடுவதால்தான்.

சாதாரண வாட்ச்களுக்கு ஐ.எஸ்.ஓ. 22810 என்றொரு சர்வதேசத் தர விதி உண்டு. அதன்கீழ் உற்பத்தியிலிருந்து சில வாட்ச்களை மாதிரியாக எடுத்துச் சோதித்தால் போதும். உங்கள் கைக்கு வரும் அந்தக் குறிப்பிட்ட வாட்ச் தண்ணீரையே பார்க்காமல் வந்திருக்கலாம். சோதித்ததும் புது கேஸ்கட் இருக்கும்போது, கிரவுன் உள்ளே இருக்கும்போது. இரண்டு வருடம் கழித்து, வெயிலில் காய்ந்த கையோடு குளிர்ந்த குளத்தில் குதிக்கும்போது அந்த எண்ணிலிருந்து எவ்வளவு மிச்சம் என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் தாராளமாக இடைவெளி விட்டுச் சொல்கிறார்கள்: 30 மீட்டர் கை கழுவ, 100 மீட்டர் நீந்த என்று.

டைவ் வாட்ச்சுக்கான விதி ஐ.எஸ்.ஓ. 6425. இதன்படி ஒவ்வொரு வாட்ச்சையும், எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். 200 என்று எழுதினால் 250க்கு உரிய அழுத்தம். அதோடு முடிவதில்லை. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும். அடியைத் தாங்க வேண்டும், காந்தத்தைத் தாங்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது பனிப்படலச் சோதனை: வாட்ச்சைச் சூடாக்கி, கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் பனி பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் தேறிய வாட்ச்சின் டயலில் வெறும் "200 மீட்டர்" என்று இராது, "டைவர்ஸ் 200 மீட்டர்" என்று இருக்கும். டைவர்ஸ் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் தேட வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மீட்டர் எண் ஆழத்தைப் பற்றிய வாக்குறுதி அல்ல, அழுத்தச் சோதனையின் அளவு. எண்ணைவிட முக்கியமானவை இரண்டு. கிரவுன் திருகுகிறதா? சோதனை மாதிரிக்கா, ஒவ்வொன்றுக்குமா?

உள்ளே ஆடும் ஊஞ்சல்

பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்ச் வைத்திருந்த அப்பாக்கள் காலையில் பல் துலக்கியதும் அதற்குச் சாவி கொடுப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் ஒரு எஃகுத் தகடு, அதாவது மெயின் ஸ்பிரிங், இறுகும். அது மெல்ல விரியும்போது வெளிவரும் விசையில்தான் வாட்ச் ஓடுகிறது. ஆட்டோமேட்டிக்கும் இதே வாட்ச்தான். சாவி கொடுக்கும் வேலையை மட்டும் உங்கள் கை நடமாட்டம் செய்கிறது. உள்ளே ரோட்டார் என்னும் அரைவட்ட உலோகத் துண்டு தொங்குகிறது. கை அசையும்போதெல்லாம் அது சுழன்று ஸ்பிரிங்கை இறுக்குகிறது. நாள் முழுவதும் அணிந்தாலும் ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகாது. அதன் வெளிமுனை கூட்டின் சுவரில் வழுக்கிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் சில நொடிகளில் சரசரவென்று விரிந்து தீர்ந்துவிடும். அளந்து விட ஒருவர் வேண்டும். கூட்டமான கோவிலில் தரிசன வரிசையை ஒவ்வொருவராக உள்ளே விடும் கம்பிக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்சில் அந்தக் கதவின் பெயர் எஸ்கேப்மென்ட். அது எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது பேலன்ஸ் வீல், முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிறு சக்கரம். ஊஞ்சலைப் போல அதற்கென்று ஒரு தாளம் உண்டு. தலைமுடியைப் போன்ற மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதை ஒவ்வொரு முறையும் திருப்பி இழுக்கிறது. ஆட்டம் ஒன்றுக்குக் கதவு ஒருமுறை திறக்கும், எஸ்கேப்மென்ட் சக்கரம் அரைப் பல் நகரும், ஊஞ்சலுக்கும் ஒரு சிறு தள்ளு கிடைக்கும். காதில் கேட்கும் டிக் அதுதான்.

நாம் பேசும் விலையிலுள்ள பெரும்பாலான ஜப்பானிய மெஷின்களில் இது நொடிக்கு 6 முறை நடக்கிறது. ஒரு நாளைக்கு 5,18,400 தடவை. நொடிமுள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிவதும் இதனால்தான். உண்மையில் அது நொடிக்கு ஆறு சின்ன அடி வைக்கிறது. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 9015 போன்ற சில மெஷின்கள் 8 அடி வைக்கும்.

இன்னொன்று. "24 ஜுவல்ஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து விலையுயர்ந்த கல் என்று நினைக்க வேண்டாம். சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைத்த செயற்கை மாணிக்கத் தாங்கிகள் அவை. இந்த வகை மெஷினுக்கு இருபத்துச் சொச்சம் போதும். அதற்கு மேல் கூடினால் தரம் கூடிவிட்டது என்று பொருளில்லை.

நாளைக்கு எத்தனை நொடி பிசகும்?

செல் போட்ட வாட்ச்சில் ஊஞ்சலுக்குப் பதிலாக நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. அது பிசகுவது மாதத்துக்கு 15, 20 நொடி. ஆட்டோமேட்டிக் பிசகுவது நாளுக்கு அவ்வளவு. இது குறைபாடு அல்ல. நாளின் 86,400 நொடியில் 20 நொடி பிசகும் ஓர் எஃகு ஊஞ்சலை நான் இன்றும் வியந்துதான் பார்க்கிறேன். ஆனால் வாங்குபவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தயாரிப்பாளர்களே எல்லையைச் சொல்லிவிடுகிறார்கள். சீகோவின் 4ஆர்36 மெஷினுக்கு நாளுக்கு 45 நொடி வேகமாகவோ 35 நொடி தாமதமாகவோ ஓடலாம் என்பது எல்லை. ஓரியன்ட்டின் எஃப்6922க்கு 25 வேகம், 15 தாமதம். மியோட்டா 9015க்கு 30 வேகம், 10 தாமதம். நடைமுறையில் பெரும்பாலானவை இதைவிட நன்றாகவே ஓடுகின்றன. படுக்க வைத்தால் ஒரு வேகம், கிரவுன் கீழே இருக்கும்படி நிறுத்தினால் ஒரு வேகம் என்று நிலைக்கேற்பவும் மாறும். புவியீர்ப்பு ஊஞ்சலின் தாளத்தைத் தொட்டுப் பார்க்கிறது. இரவில் எப்படி வைக்கிறீர்கள் என்பதை மாற்றியே சில நொடிகளைச் சரிசெய்துகொள்ளலாம்.

நேற்றுவரை நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓடினால், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த பை, டேப்லெட் உறை எல்லாம் காரணமாகலாம். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊஞ்சல் குறுகிவிடும். வாட்ச் கடையில் சில நொடிகளில் காந்தத்தை எடுத்துவிடுவார்கள். மெஷின் கெட்டுவிட்டது என்று நம்பிப் பெரிய சர்வீஸுக்குப் பணம் கட்டியவர்களை அறிவேன்.

ஒருமுறை முழுதாக இறுக்கினால் எவ்வளவு நேரம் ஓடும் என்பது பவர் ரிசர்வ். 4ஆர்36க்கு 41 மணி நேரம், எஃப்6922க்கு 40. வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு முற்பகலில் நின்றுவிடும். திங்கள் காலை மணியும் தேதியும் திருப்பத்தான் வேண்டும். அப்போது கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்க முடிகிற மெஷின் இருந்தால் நிம்மதி. புகழ்பெற்ற பழைய டைவ் வாட்ச்சான சீகோ எஸ்.கே.எக்ஸ்.007க்குள் இருந்த 7எஸ்26 மெஷினில் அந்த வசதி கிடையாது, குலுக்கித்தான் ஓட வைக்க வேண்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் தேதியைத் திருப்பாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரம் தானே நகரத் தயாராகப் பல்லோடு பல் மாட்டியிருக்கும். வலிந்து திருப்பினால் பல் உடையலாம்.

வளையமும் கண்ணாடியும்

டயலைச் சுற்றி 60 நிமிடம் குறித்த வளையத்துக்குப் பெஸல் என்று பெயர். முக்கோணக் குறியை நிமிடமுள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் கழிந்தது என்று நேராகப் படிக்கலாம். டைவ் வாட்ச்சில் அது ஒரு திசையில் மட்டுமே திரும்பும், காரணம் எளிமையானது: எங்காவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மூழ்குபவர் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். இன்று முக்குளிப்பவர்கள் டைவ் கம்ப்யூட்டரை நம்புகிறார்கள், வாட்ச் துணைக்கு. மற்றவர்களுக்கு இட்லி வேகும் நேரம் பார்க்க இதைவிட வசதியான கருவி இல்லை. கடையில் திருப்பிப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதா, முக்கோணம் 12க்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.

கண்ணாடியில் இரண்டு வகை. மினரல் என்பது கடினமாக்கிய கண்ணாடி. சீகோ தன் வகைக்கு ஹார்ட்லெக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. சஃபையர் என்பது செயற்கை நீலக்கல் படிகம். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சஃபையர் 9, ஆற்று மணலிலுள்ள குவார்ட்ஸ் 7, மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. ஆகவே சிமென்ட் சுவரில் உரசினால் மினரலில் கீறல் விழும், சஃபையரில் பெரும்பாலும் விழாது. பலமான அடி விழுந்தாலோ, சில்லாகத் தெறிப்பதில் சஃபையர் முந்திக்கொள்ளும். தினமும் அணிய நான் சஃபையரைத்தான் சொல்வேன்.

ஹீலியம் வால்வு என்று ஒன்றைக் காட்டி விலை கூட்டினால் கடந்து போங்கள். நாள்கணக்கில் ஹீலியம் கலந்த காற்றறையில் தங்கி ஆழ்கடலில் வேலை செய்பவர்களுக்கானது அது.

அந்த மூன்று படங்கள்

மருமகன் அனுப்பிய முதல் படம் சீகோ 5 ஸ்போர்ட்ஸ், 2019இல் வந்த வரிசை. எஸ்.கே.எக்ஸ்.007இன் சாயல் அப்படியே இருக்கும். அதே உடல்வாகு, அதே பெஸல், 4 மணிப் பக்கம் கிரவுன். ஆனால் எஸ்.கே.எக்ஸ். "டைவர்ஸ் 200 மீட்டர்" வாட்ச், திருகு கிரவுன் கொண்டது. புதியது 100 மீட்டர், கிரவுன் வெறுமனே அழுத்தி மூடுவது. மெஷின் முன்னேறியிருக்கிறது, சாவி கொடுக்கலாம். டப்பா பின்வாங்கியிருக்கிறது. நல்ல வாட்ச்தான். டைவ் வாட்ச்சின் உருவம் கொண்ட அன்றாட வாட்ச் என்று தெரிந்து வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது ஓரியன்ட் கமாசு. 200 மீட்டர், திருகு கிரவுன், சஃபையர் கண்ணாடி, சாவி கொடுக்கும் வசதி. டயலில் "டைவர்ஸ்" என்ற சொல் கிடையாது. மூன்றாவது சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்.ஒய்.0040. திருகு கிரவுன், "டைவர்ஸ் 200 மீட்டர்" என்ற சான்று, ஆனால் மினரல் கண்ணாடி. கிரவுன் 8 மணிப் பக்கம் இருப்பதால் மணிக்கட்டில் குத்தாது.

ஆக்சிஜன் சிலிண்டர் என்று நாம் சொல்லும் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கப் போகிறவர் என்றால் நான் யோசிக்காமல் சிட்டிசனைக் காட்டுவேன். இவன் அலுவலகம் போகிறவன், பொங்கலுக்கு ஊர் வந்தால் கிணற்றில் நீந்துகிறவன், பைக்கை நிறுத்தும்போது கையைச் சுவரில் உரசுகிறவன். அவனுக்குக் கமாசு என்றேன். சஃபையர் தினமும் பயன்படும், சான்று பயன்படாது.

எதை எடுத்தாலும் வாங்குமுன் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். வாட்ச்சின் குறுக்களவு ஏமாற்றும். பட்டை மாட்டும் கொம்புகளுக்கு லக் என்று பெயர். மேல் லக் முனையிலிருந்து கீழ் லக் முனை வரையுள்ள நீளம் மணிக்கட்டின் தட்டையான அகலத்தைத் தாண்டக் கூடாது. சீகோ டர்ட்டில் என்ற டைவ் வாட்ச்சின் குறுக்களவு 45 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தும் பலருக்கு உறுத்தாமல் உட்கார்வது அதன் லக் குட்டையானது என்பதால்தான். இணையத்தில் வாங்குவதானால் அந்த நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி மணிக்கட்டின்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பளபளவென்று கிடைக்கும் "பழைய சீகோ" பக்கம் மட்டும் போக வேண்டாம். பெரும்பாலும் டயலுக்குப் புது வண்ணம் பூசி, பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்தவை அவை. உள்ளே கேஸ்கட் இருக்கிறதா என்பதற்கே உத்தரவாதமில்லை.

அவன் கமாசுவை வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கிரவுனை மூடும் விதத்தை முதலில் காட்டிக்கொடுத்தேன். மெல்ல அழுத்தி, முதலில் எதிர்த்திசையில் அரைச் சுற்று. மரை பொருந்தும் இடத்தில் ஒரு சிறு நழுவல் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை கோணலாக ஏறாது. கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர்க் குளியலுக்குக் கழற்றி வைக்க வேண்டும். தண்ணீருக்குள் கிரவுனைத் தொடவே கூடாது. இரண்டு மூன்று வருடத்தில் கேஸ்கட் மாற்ற வேண்டும். மாற்றும் கடையில் பிரஷர் டெஸ்ட் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடு என்றேன். மூடியைத் திறந்து அழுத்திவிட்டால் போதும் என்று சொல்கிற கடையில் கொடுத்தால், திரும்பி வருவது 200 மீட்டர் என்று எழுதிய ஒரு சாதாரண வாட்ச்.